ஒற்றைக்கால் தடம்

கண்டக்டர் தன் காரை நிறுத்த நினைத்தது மளிகைக்கடை வாசலில். வண்டி போய் நின்றது பழைய இரும்புக்கடை வாசலில். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு சின்ன இறக்கம்தான். அன்றைக்கு அவர் அதைக் கடந்த வேகத்தைப் பார்த்திருந்தால் ஆமைக்குக்கூடக் கொட்டாவி வந்திருக்கும். ஆனால் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி டெய்லரம்மாவுக்கோ, மலையுச்சியிலிருந்து யாரோ உருட்டிவிட்ட மாதிரி இருந்தது.

கண்டக்டர் பிரேக்கை மிதித்தார். பஞ்சுத் தலையணையில் கால் வைத்ததுபோல மிதி உள்ளே போனது. மறுபடியும் மிதித்தார், இன்னும் உள்ளே போனது. கை பிரேக்கைப் பிடித்து இழுத்தார். தூக்கத்தில் எழுப்பப்பட்ட கிழவரைப்போல அது ஒரு முனகல் முனகியது. வண்டி யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக இறங்கி, இரும்புக்கடை வாசலில் குவித்திருந்த பழைய டயர்களின் மேல் மூக்கைச் சாய்த்து நின்றுகொண்டது.

கடைக்காரர் வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பழம் வாங்குகிறவர் முகம் அவருக்கு.

"வண்டியே வந்து சேந்துடுச்சு. இதுக்கு மேல நாம பேச என்ன இருக்கு?" என்றார்.

கண்டக்டருக்கு வந்த கோபத்தில் அந்தக் குவியலில் இருந்த டயர்களெல்லாம் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. டெய்லரம்மா கதவைத் திறந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டில் ஏறி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.

அவர் கண்டக்டர் வேலையை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. தெரு அவரை அந்தப் பெயரைவிட்டு இறக்கவில்லை. அவருக்கும் இறங்க ஆசையில்லை. பஸ் விசில் இன்னும் கார் சாவிக்கொத்தில்தான் தொங்கியது. ஆனால் ஒரு மனக்குறை உண்டு அவருக்கு. வேலை பார்த்த காலமெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றே பொழுது போனது. உட்கார்ந்தவன் வண்டி ஓட்டினான், நின்றவர் விசில் ஊதினார். வளைவில் ஆடிய ஆட்டத்திலும், மேட்டில் பின்னுக்குச் சரிந்த சரிவிலும், யாரோ ஒருவர் மடியில் போய் விழாத நாள் அவர் சர்வீஸில் கிடையாது. அதனால் ஓய்வு பெற்ற கையோடு இந்த வெளிர்நீலக் காரை வாங்கினார். வாங்கும்போதே அது நடுவயதைத் தாண்டியிருந்தது. வாங்கிய அன்றே ஒரு சட்டமும் போட்டார்: டிரைவர் சீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. ஒருமுறை மெக்கானிக் வண்டியை நகர்த்திவைக்க உள்ளே ஒரு காலை வைத்தபோது, கண்டக்டர் விசிலை எடுத்து ஊதிய ஊதலில் பக்கத்துப் பட்டறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் விரலில் அடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் டெய்லரம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னாள். மிஷின் ஓடும்போது அவள் பேசினால் அது முடிவான பேச்சு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"நிக்காத வண்டியில நான் ஏறமாட்டேன். நான் ஏறாத வண்டி இந்த வீட்டுல நிக்காது. ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்க கோளாறுன்னு கண்டுபிடிங்க. இல்லாட்டி அந்த மனுஷனை வரச் சொல்லிடுவேன்."

அந்த மனுஷன் என்றால் இரும்புக்கடைக்காரர். சொல்லவே வேண்டாம், அவர் மறுநாள் காலையிலேயே வந்து வேலிக்கு வெளியே நின்று, வண்டியின் நீளத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார்.

மெக்கானிக்கின் பட்டறை தகரக் கொட்டகை. வெயில் ஏறினால் உள்ளே ரொட்டி சுடலாம். அவருக்குக் காதுதான் மூலதனம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார் என்றால், இன்ஜின் தன் பிறந்த கதையிலிருந்து சொல்ல ஆரம்பிக்கும் என்று ஊரில் பேச்சு. எந்த பேரிங் தேய்ந்தது, எந்த வால்வு சரியாக மூடவில்லை, வண்டிக்காரர் வீட்டில் சண்டையா சமாதானமா என்பதுவரை சொல்லிவிடுவார்.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அடியில் ஒரு மடக்குதான் இருந்தது. ஊற்றி நிரப்பினார். கண்டக்டர் உட்கார்ந்து மிதிக்க, மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரம் சக்கரமாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றினார். ரப்பர்களை மாற்றினார். குழாயின் வளைவுகளையெல்லாம் துணியால் துடைத்து, துணியை முகர்ந்தும் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைக்கச் சொன்னார். காலையில் அட்டையில் ஒரு எறும்பு இருந்தது. ஆயில் இல்லை. ஆனால் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது.

"அண்ணே, ஒழுகறது சத்தம் போடாது. அதுதான் இதுல சிக்கல்" என்றார் மெக்கானிக், தன் காதைத் தானே மன்னிக்கிற குரலில்.

"கீழயும் விழல, மேலயும் இல்ல. அப்ப எங்கதான்டா போகுது?"

"காத்தோட போகுதோ என்னமோ."

"பிரேக் ஆயில் என்ன கற்பூரமா?"

இப்படியே தினமும் பட்டறைக்குப் போவதும் வருவதுமாக ஆனது. அந்தப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. கண்டக்டர் முதல் கியரை விட்டு மேலே போகமாட்டார். ஒரு கை கை பிரேக்கிலேயே இருக்கும். நடந்து போகிறவர்கள் அவரை முந்திப் போனார்கள். காய்கறிப் பை தூக்கிய ஒரு அம்மாள் முந்திப் போய், கடையில் பேரம் பேசி, சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போதும் வண்டி அதே விளக்குக்கம்பத்துக்குப் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்ததாம். என்னண்ணே, வண்டி தள்ளணுமா என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: தள்ள வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும்.

இதற்கு நடுவில்தான் படிக்கட்டு உரிய ஆரம்பித்தது.

டெய்லரம்மாவின் தம்பி பெயிண்டர். அக்கா வீட்டு வாசல் படிகளுக்கும் வராந்தா தரைக்கும் அவன் சிவப்பு பெயிண்ட் அடித்து முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சும்மா அடிக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, காயவிட்டு, மேலே மேலே பூசி, குனிந்து பார்த்தால் பல்லில் ஒட்டிய கீரை தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா தன் வீடு முழுக்க அவனையே அடிக்கச் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் காலையில் கீழ்ப்படியில் ஒரு இடம் அப்பளம்போலப் பொங்கியிருந்தது. விரலால் தொட்டால் தோல் உரிந்து வந்தது. மறுநாள் அதற்கு மேல் படியில். அதற்கும் மறுநாள் வராந்தாவில். பெயிண்டர் வந்து சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினான். பழையபடி உரிந்தது.

கண்டக்டருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. காரைப் பற்றி மச்சினன் அடித்த கிண்டலுக்கெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வாய்ப்பு. காலையில் டீக்கிளாஸோடு படியோரம் வந்து நின்றுகொண்டு, உரிந்த இடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

"என் வண்டியாவது கிழடாக இத்தனை வருஷம் எடுத்துக்கிச்சு மாப்ளே. உன் பெயிண்டுக்கு ஒரு வாரம் போதுமா இருக்கு."

"தரையில ஈரம் இருக்கு மாமா. அதான் தூக்குது."

"ஈரமா? மழை பெஞ்சு மாசமாச்சு. மேகத்தோட முகமே மறந்து போச்சு. எங்கேருந்துப்பா வரும் ஈரம்?"

"உங்க வண்டி ஆயில் எங்க போகுதோ, அங்கேருந்து வருது" என்று கடுப்பில் சொன்னான் பெயிண்டர்.

அவன் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று அவனுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நேரில் பேச்சு நின்றுபோனது. உன் தம்பிகிட்டச் சொல்லு, உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு என்று எல்லாமே டெய்லரம்மா வழியாகத்தான் போனது. ஒரே வராந்தாவில், ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் அப்படி நடந்துகொண்டார்கள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது, நடுவில் தைக்கக் கொடுத்த துணி மலைபோல.

தெருவில் வேறு பேச்சு கிளம்பியது. உரிகிற இடங்கள் எல்லாம் ஒரு காலடி அளவு இருக்கின்றன என்று எவரோ சொல்ல, அதுவும் ஒரே ஒரு கால் என்று இன்னொருவர் சொல்ல, சாயங்காலத்துக்குள் ஒற்றைக்கால் திருடன் ஒருவன் கண்டக்டர் வீட்டுப் படியில் நொண்டியடித்து ஏறுகிறான் என்று ஆகிவிட்டது. அவன் ஏன் திருடவில்லை என்று கேட்டதற்கு, ஒரு காலோடு என்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று பதில் வந்தது. எதிர்வீட்டு அம்மா மட்டும் அதை நம்பவில்லை. அவள் பெயிண்ட் மட்டம் என்று நம்பினாள். அவசரமில்லை, வெயில் தணியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெயிண்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் கண்டக்டருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி முட்டையைப் பொரித்து, வெங்காயத்தை முறுகலாக வதக்கி வைத்திருந்தாள். அது அவருக்குப் பிடித்த பக்குவம் என்பதே அவரைக் கலக்கியது. தூக்கில் போடுமுன் கேட்டதைக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. வண்டியை இழந்தால் அடுத்த நாள் எங்கே போய் உட்காருவது என்று யோசித்தார். இந்த உலகத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே நாற்காலி அந்த டிரைவர் சீட்டுதான் என்று தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் துணியில் ஊசி குத்தியபடி, "நாளைக்கு மதியம் வர்றேன்னிருக்கார்" என்றாள். அவர் திறந்த வாயில் முட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே வானம் கிழிந்துகொண்டது. மாதக்கணக்கில் முகம் காட்டாத மழை, பாக்கி வைத்ததையெல்லாம் ஒரே காலையில் கொட்டித் தீர்க்க வந்ததுபோல அடித்தது. மதியம் வரவேண்டிய இரும்புக்கடைக்காரர் ஆர்வ மிகுதியில் முன்கூட்டியே சங்கிலியோடு வந்து மழையில் மாட்டிக்கொண்டார். கடைசி முயற்சியாக கண்டக்டர் வரச் சொல்லியிருந்த மெக்கானிக், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். படி என்ன ஆயிற்றென்று பார்க்க வந்த பெயிண்டரும் நனைந்துகொண்டு ஏறினான். ஒருவருக்கொருவர் ஆகாத இத்தனை பேரும் அந்தக் குறுகிய வராந்தாவில் டீக்கிளாஸோடு நெருக்கியடித்து நின்றார்கள். முன்வாசல் தகரக் கூரைக்குக் கீழே கார், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல, பேசாமல் நின்றது.

டெய்லரம்மா மட்டும் டீ குடிக்கவில்லை. கையில் தையல் சுண்ணாம்புக்கட்டியோடு படியில் குந்தியிருந்தாள். உரிந்த இடங்களைச் சுற்றி ஓரத்தை வரைந்துகொண்டே மேலே வந்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்தாள். பிறகு ஒரு செய்தித்தாளை அதன் மேல் வைத்து, ஜாக்கெட் கைக்கு மாதிரி வெட்டுவதுபோலக் கத்தரித்தாள். கத்தரித்து முடித்துத் தூக்கிப் பிடித்தபோது அது ஒரு செருப்பின் அடிப்பாகம்.

"கீழ்ப்படியில முழுசா இருக்கு. மேல வரவரத் தேஞ்சு போகுது. வாசக்கதவுகிட்ட கட்டைவிரல் மட்டும்தான் இருக்கு. அப்ப இது வெளியேருந்து உள்ள வர்ற கால். வலது கால்" என்றாள். "எல்லாரும் செருப்பைக் காட்டுங்க."

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கையில் கத்தரிக்கோல் இருந்தது. தம்பியின் செருப்பு காகிதத்தைவிட நீளம். மெக்கானிக்கின் செருப்புக்கு அடிப்பாகம் என்று ஒன்று மிஞ்சியிருக்கவே இல்லை. இரும்புக்கடைக்காரர் தானாகவே ஒரு காலைத் தூக்கிக் காட்டி, தடுமாறி, வண்டியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவள் வராந்தா ஓரத்தில் கிடந்த கண்டக்டரின் ரப்பர் செருப்பை எடுத்து வைத்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியது.

பெயிண்டர் முகத்தில் சூரியன் உதித்தது. அத்தனை மழையிலும்.

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, ஒத்தைக்கால் திருடனைப் பிடிச்சாச்சுன்னு."

"நான் ரெண்டு காலாலதானே நடக்கறேன்?" என்றார் கண்டக்டர். குரல் அவருக்கே நம்பும்படியாக இல்லை. "இடது கால் என்ன பறந்தா வருது?"

டெய்லரம்மா வலது செருப்பின் அடியை விரலால் தடவினாள். பிறகு இடது செருப்பைத் தடவினாள். இடது செருப்பில் வெறும் மண். வலது செருப்பில் தடவிய விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். ஆயுள் முழுக்க மிஷினுக்கு எண்ணெய் விட்ட விரல் அது.

"வழுக்குது. ஆனா மிஷின் எண்ணெய் இல்ல. சமையல் எண்ணெயும் இல்ல" என்று மெக்கானிக்கிடம் நீட்டினாள். "என்னன்னு பாருங்க தம்பி."

மெக்கானிக் பழக்கதோஷத்தில் செருப்பைக் காதுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் சுதாரித்துக்கொண்டு மூக்குக்கு மாற்றினார். முகர்ந்தார். அவர் கையிலிருந்த டீ சாய்ந்து கீழே கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அக்கா, இது பிரேக் ஆயில். பெயிண்ட் மேல பட்டா தோலை உரிச்சிடும்."

கண்டக்டரும் பெயிண்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு நின்றபிறகு முதல்முறையாக நேருக்கு நேர்.

"இது எப்படி இவர் செருப்புக்கு வந்துச்சு?" என்றாள் டெய்லரம்மா.

"வலது கால்தானே பிரேக்ல இருக்கும்" என்றார் மெக்கானிக் மெதுவாக. சொல்லச் சொல்ல அவருக்கே வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. "வெளியில தேடிக்கிட்டே இருந்தேன். உள்ள பாக்கலை. டிரைவர் சீட்டுல உக்காந்து குனிஞ்சு பாத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். நான் எங்க உக்கார்றது?"

எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவர் சாவிக்கொத்தில் தொங்கிய விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"நீங்க குனிஞ்சு பாத்தீங்களா மாமா?" என்றான் பெயிண்டர்.

"ஓட்டறவன் ரோட்டைப் பாப்பானா, காலைப் பாப்பானா?"

டெய்லரம்மா எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். படி இறங்கிப் போய், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்தாள். கண்டக்டரின் கை விசிலோடு வாய்வரை வந்தது. அங்கேயே நின்றது. இறக்கத்தில் நிற்காத வண்டியையே ஒருவகையாகச் சமாளித்தவர் அவர். அவளை நிறுத்துவது எப்படி என்று அவர் சர்வீஸில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவள் காலடியில் கையை விட்டாள். அங்கே கிடந்த மிதியடி அவளே தைத்தது. வெட்டிப் போட்ட துணித்துண்டுகளைப் பல அடுக்காக வைத்து, மெத்தைபோலத் தடிமனாகத் தைத்து, கண்டக்டர் பாதம் நோகக் கூடாதென்று போட்டிருந்தாள். அதை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மெக்கானிக்கும் பெயிண்டரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். துவைத்து முறுக்காத கம்பளியைப்போலக் கனத்துக்கொண்டு அது வெளியே வந்தது. பச்சைத் துண்டின் சாயம் மஞ்சளில் இறங்கி, மஞ்சள் நீலத்தில் இறங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. வாளியின் மேல் பிடித்துப் பிழிந்தபோது கொட்டிய கொட்டலில், ஊரிலுள்ள அத்தனை வண்டிகளுக்கும் பிரேக் போடலாம் என்று நிற்கிற எல்லாருக்கும் பட்டது.

"நான் ஊத்தின ஆயில் எல்லாம் இங்கதான் இருக்கு" என்றார் மெக்கானிக், காணாமல்போன பிள்ளையைக் கண்டெடுத்தவர்போல. "ஒரு சொட்டு வெளியில போகலை. அக்கா தையல் அப்படி."

டெய்லரம்மா இறங்கி வழிவிட, அவர் சீட்டில் தலைகீழாகப் படுத்தார். கால்கள் சீட்டின் முதுகுக்கு மேலே போக, தலை மிதிகளுக்கு நடுவே போனது. டார்ச் வெளிச்சத்தில், மிதியிலிருந்து உள்ளே போகிற கம்பியைத் தொட்டுப் பார்த்தார். வழவழவென்று நனைந்திருந்தது. அங்கிருந்தே விளக்கம் வந்தது, குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல. மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டர் பானட்டுக்குள் இருக்கிறது. அதன் பின்பக்க ரப்பர் தேய்ந்துபோய்விட்டது. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் பின்வழியாக நழுவி, கம்பி வழியாக இறங்கி, மிதியில் வடிந்து, மெத்தைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. கண்டக்டர் அதில் காலை ஊறவைத்துக்கொண்டு வந்து, மச்சினன் அடித்த படியில் துடைத்திருக்கிறார்.

"ரப்பர் மாத்தினாப் போதுமா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"உள்ள கீறல் இல்லாம இருந்தா போதும்ணே. இருந்தா…" என்று சொல்லி மெக்கானிக் இரும்புக்கடைக்காரர் பக்கம் பார்த்தார். அவர் சங்கிலியைக் கையில் சரிசெய்துகொண்டார்.

மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்து, துணியால் துடைத்து, விரலை உள்ளே விட்டுச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் கண்டக்டர் மூச்சு விட்டதாக யாரும் பார்க்கவில்லை. "கண்ணாடியா இருக்கு" என்றார் மெக்கானிக். கண்டக்டர் அத்தனை மூச்சையும் சேர்த்து விட்டதில் இரும்புக்கடைக்காரரின் டீ ஆறிப்போனது.

ரப்பர் வாங்க மழையிலேயே பெயிண்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

மாற்றி முடித்தபிறகு குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உட்கார்ந்து சீராக மிதிக்க, மெக்கானிக் சக்கரத்தில் திருகைத் திறந்து மூட வேண்டும். கண்டக்டர் உட்காரப் போனார். அதற்குள் டெய்லரம்மா மறுபடியும் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அமுக்குங்க, பிடிங்க, விடுங்க என்று அடியிலிருந்து குரல் வந்தது. கண்டக்டர் மிதித்தால் விறகு உடைப்பதுபோல இருக்கும். இவள் மிதித்தாள், பட்டுத்துணிக்கு ஓரம் அடிக்கிற காலோடு. அவ்வளவு பதமாக, அவ்வளவு சீராக. மெக்கானிக் வண்டிக்கு அடியிலேயே தன்னை மறந்துவிட்டார்.

"அண்ணே, இத்தனை நாளும் அக்காவை உக்கார வெச்சிருக்கணும்."

மழை விட்டது. சோதித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இன்ஜின் வேண்டாம், அதே இறக்கத்தில் தள்ளிவிட்டுப் பார்ப்போம், நிற்கிறதா என்று நானே பார்க்கிறேன், என் உயிர்தானே அன்றைக்குப் போக இருந்தது என்றாள் டெய்லரம்மா. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டார். பெயிண்டரும் இரும்புக்கடைக்காரரும் பின்னால் தள்ள வந்தார்கள். இரும்புக்கடைக்காரர் தள்ளிய தள்ளலில் நம்பிக்கை தெரிந்தது. கீழே அவர் கடைதான்.

கண்டக்டர் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். டிரைவர் சீட்டில் ஆள். பக்கத்து சீட்டில் ஆள். கடைசியில் பின்கதவைத் திறந்து ஏறினார். உட்காரத் தோன்றவில்லை. குனிந்தபடி, டிரைவர் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பாதி நின்றார்.

வண்டி இறக்கத்தில் உருண்டது. ஈரத்தெருவில் சக்கரம் சளசளத்தது. மளிகைக்கடை நெருங்கியது. அவள் காலை அழுத்தினாள்.

வண்டி நின்றது. தள்ளியவர்கள் நிற்கவில்லை. பெயிண்டர் டிக்கியின் மேல் படுத்துவிட்டான். இரும்புக்கடைக்காரர் அவன் மேல் படுத்தார். கண்டக்டர் வழக்கம்போல யாரோ ஒருவர் மடியை நோக்கிப் போய், இந்தத் தடவை தன் மனைவியின் தோளில் நாடியை இடித்துக்கொண்டு நின்றார்.

மளிகைக்கடை வாசல். அங்குலம் பிசகவில்லை.

எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பெயிண்ட்ல ஒரு குத்தமும் இல்லம்மா. என் கால்தான் குத்தம். மாப்ளே கை சுத்தம்."

டிக்கியின் மேல் கிடந்த மாப்ளே, "கேட்டுச்சு மாமா" என்றான்.

இரும்புக்கடைக்காரர் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டபடி கீழே நடந்தார். கொஞ்சதூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெண் பார்க்கப்போன வீட்டில் வேறிடம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டவர் பார்வை அது.

கண்டக்டர் நாடியைத் தடவிக்கொண்டார். இறங்கும்மா, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவள் அசையவில்லை. மிதிகளைக் கீழே குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது பிரேக். அந்தப் பக்கம் இருக்கறது என்ன?"

"கிளட்ச்க்கா. மெதுவா விடணும். மிஷின்ல நூல் அறுந்துடாம எடுப்பீங்கள்ல, அந்த மாதிரி" என்றார் மெக்கானிக்.

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷமா இந்த அலட்டல்?" என்றாள், பின்னால் திரும்பாமலே. "என்னங்க, சாவியைக் குடுங்க."

கண்டக்டர் சாவிக்கொத்தைப் பார்த்தார். வண்டி பிழைத்துவிட்டது. சீட்டுதான் போய்விட்டது. முன்னால் அவள் முதுகு நிமிர்ந்திருந்தது, கால் பிரேக்கில் பதமாக இருந்தது. அவர் கொத்திலிருந்து விசிலை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, சாவியை அவள் தோள் வழியாக நீட்டினார்.

இன்ஜின் உறுமியது. கண்டக்டர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மளிகைக்கடைக்காரர் மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியானதும், விசிலை வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினார்.

வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, ஒரு முழம் போய், இருமி, அணைந்தது. கீழே இரும்புக்கடைக்காரர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். அதற்குமேல் வண்டி இறக்கத்தில் ஒரு விரல் அளவுகூட நகரவில்லை.

"நின்னுடுச்சு பாத்தியா?" என்றார் கண்டக்டர், பெருமை தாங்காமல்.